வெள்ள நிவாரணப் படிவத்தில் 'ஜெப விண்ணப்பம்' கட்டம் தேவையா? (செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்)

கிழக்குத்தாம்பரம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபை வாலிபர் குழு இந்த வருஷம் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புகளில் வேலையைத் தொடங்க நினைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எல்லாரையும் போல நாங்களும் பிரெட், பால் பவுடர், பாய், போர்வையோடு ஓடினோம். வண்டி ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ரோட்டோரத்தைத் தாண்டவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வர முடிந்த இளவட்டங்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தடவை வீடு வீடாகப் போய், வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதாகத் திட்டம். அதற்கு ஒரு படிவம் அடித்தோம். பெயர், பிளாக், கதவு எண், கைபேசி, வீட்டில் எத்தனை பேர், என்ன மருந்து. இதுவரை சண்டை இல்லை. கடைசிக் கட்டத்தில்தான் சண்டை. "ஜெப விண்ணப்பம்" என்று ஒரு வரி. அதன் கீழே "எங்கள் ஊழியர்கள் வீட்டுக்கு வந்து சந்திக்கலாமா? ஆம் / இல்லை."

குழுவில் பாதிப் பேர், அந்தக் கட்டம் இல்லாவிட்டால் நமக்கும் ரோட்டரி கிளப்புக்கும் என்ன வித்தியாசம் என்கிறார்கள். மீதிப் பேருக்கு உறுத்துகிறது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. அங்கே குடியிருப்பவர்கள், இந்த மாதிரி வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்போரூரான்:

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று பயந்து கிடப்பவரிடம் மருந்துப் பெயரைக் கேட்டுவிட்டு, அதே தாளில் "நாங்கள் வரலாமா" என்று கேட்டால் அவர் "இல்லை" என்று டிக் அடிப்பாரா? அடித்தால் பிரெட் வராதோ என்று நினைக்க மாட்டாரா? நீங்கள் அப்படி நினைக்காமல் இருக்கலாம். அவர் நினைப்பார். இதற்குப் பெயர்தான் ஆசை காட்டுவது.

கிழக்குத்தாம்பரம்:

திருப்போரூர் அண்ணே, எந்த நிபந்தனையும் இல்லை என்று படிவத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.

திருப்போரூரான்:

பெரிய எழுத்தில் போட வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்று யோசியுங்கள் தம்பி.

தரைத்தளம்:

நான் செம்மஞ்சேரியில்தான் இருக்கிறேன். சுனாமிக்கு அப்புறம் கடற்கரையிலிருந்து எங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். கடல் தண்ணீருக்குத் தப்பி வந்தோம், இங்கே ஏரித் தண்ணீர். நல்ல மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல அடித்தால் எங்கள் வாசலில் முட்டி அளவு நிற்கும், சாக்கடையும் சேர்த்து. பாம்பு வரும். முதலில் போவது ஃபிரிட்ஜ் மோட்டார், அப்புறம் மெத்தை.

தண்ணீர் நிற்கும்போது எல்லாரும் வருகிறார்கள். கட்சிக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், கோயில்காரர்கள், சர்ச்சுக்காரர்கள். 2015ல் பள்ளிவாசல்காரர்கள் சோறாக்கி அண்டாவோடு கொண்டுவந்தார்கள். யாரும் எங்களிடம் சாமி பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் சோற்றை வாங்கிக்கொண்டுதான் போயிருப்போம், அது வேறு விஷயம்.

வடிந்த பிறகு வருகிறவர் மூன்று பேர்தான். குழு லோன் வசூல் பண்ணுகிறவர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கரெக்டாக வருவார். தண்டல்காரர் வருவார். மூன்றாவது, எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் பாஸ்டர் வீட்டு சிஸ்டர்.

போன வெள்ளத்தில் என் பெண்ணின் பத்தாவது மார்க் ஷீட், டி.சி., வீட்டு ஒதுக்கீட்டு ஆணை மூன்றும் பீரோ அடித்தட்டில் ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்த சிஸ்டர்தான் உட்கார்ந்து, பிளேடை நடுவில் விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். காற்றாட வைத்துவிட்டு, கரண்ட் வந்ததும் மேலே ஒரு வெள்ளை வேட்டித் துண்டைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தார். மார்க் ஷீட் பிழைத்தது. ஒதுக்கீட்டு ஆணையில் வாரிய முத்திரை மட்டும் ஊதா ஊதாவாகக் கலைந்துபோய்விட்டது, அதற்கு இன்னும் அலைகிறேன். தேய்த்து முடித்து எழுந்திருக்கும்போது, "அக்கா, ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணட்டுமா" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லவும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் மாரியம்மன் படம் இருக்கிறது. ஆடி மாசம் கூழ் ஊற்றுகிறோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் போகிறேன். என்னைப் போல இங்கே நிறையப் பேர்.

ஈரோட்டுக்கண்ணாடி:

தரைத்தளம் அக்கா எழுதியதில் பாதியை எல்லாரும் வாசிக்காமல் தாண்டிவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன். ஏரித் தண்ணீர் ஏன் அவர் வீட்டுக்கு வருகிறது?

மேற்கே சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம், நூக்கம்பாளையம் ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. நிரம்பினால் கிழக்கே பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, தெற்கே கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். நடுவில் ஓ.எம்.ஆர். சாலை கரை போலக் குறுக்கே நிற்கிறது. வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இன்று பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். மீதியில் குப்பைமேடு, கம்பெனிகள், அடுக்குமாடிகள். 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம், சரி. ஆனால் கூவம், அடையாற்றங்கரையில் இருந்தவர்களை வெள்ள அபாயம் என்று சொல்லிக் கிளப்பி, இந்தச் சதுப்பின் விளிம்பில் கொண்டுவந்து வைத்தது அரசுதான். கண்ணகி நகர் 2000ல், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்குக் கூட்டங்கூட்டமாக.

இவ்வளவும் பொறியாளர் வேலை. இதற்கு ஜெப விண்ணப்பம் எழுதச் சொன்னால் யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதே மறந்துபோகும். மதகைத் திறப்பது நீர்வளத் துறை, பரலோகம் இல்லை.

சின்னசபை_போதகர்:

ஸ்தோத்திரம். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒரு சிறிய சபை நடத்துகிறேன். எந்த அமைப்பையும் சேர்ந்தவன் இல்லை.

ஈரோட்டுக்கண்ணாடி ஐயா, எங்கள் உபவாச ஜெபத்துக்கு வரும் பெண்கள்தான் லிஃப்ட் ஓடாமல் நின்றபோது வாரிய அலுவலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். எட்டு மாடிக் கட்டிடத்தில் கரண்ட் இல்லாமல் மேல்மாடிக் கிழவிகள் நாள்கணக்கில் இறங்க முடியாமல் கிடந்தார்கள். ஜெபம் பண்ணினால் மனு எழுத மாட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? வாரத்துக்கு ஒரு நாள் பத்துப் பெண்கள் ஒரு அறையில் உட்கார்ந்து வீட்டுக் கஷ்டத்தைச் சத்தமாகச் சொல்லி அழுகிற இடம் இந்தக் குடியிருப்பில் வேறு இல்லை. யார் புருஷன் குடிக்கிறான், யாருக்குத் தவணை தவறிவிட்டது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை எல்லாம் அங்கேதான் தெரியவரும். மனுவும் அங்கேதான் எழுதப்படும்.

இனி தாம்பரம் தம்பிக்கு. நான் ஊழியக்காரன், சுவிசேஷம் சொல்வதுதான் என் வேலை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் உங்கள் படிவம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த இடத்தில் எண்ணிக்கை எழுதியிருக்கிறது, பெயர்ப் பட்டியல் எழுதவில்லை. மறுநாள் தேடி வந்தவர்களிடம், அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதால்தானே வந்தீர்கள் என்று கர்த்தர் கேட்கிறார். கொடுத்த பிறகு கேட்டார். கொடுக்கும் முன் கேட்கவில்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். டவுன் சபைகள் பேனரோடு வருகிறீர்கள், இத்தனை குடும்பங்களைச் சந்தித்தோம் என்று ஆண்டு அறிக்கையில் போடுகிறீர்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பிரசவ வலி என்றால் ஃபோன் எனக்குத்தான் வரும்.

திருப்போரூரான்:

போதகரே, நேராகக் கேட்கிறேன். உங்கள் சபைக்கு எங்கிருந்து பணம் வருகிறது?

சின்னசபை_போதகர்:

என் சபையில் தசமபாகம் கொடுக்கிறவர்கள் சோழிங்கநல்லூர் ஐ.டி. கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் செய்யும் அம்மாக்கள், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள், ஒரு ஆட்டோ ஓட்டும் சகோதரன். நானே பகலில் பெயின்டிங் வேலைக்குப் போகிறேன். வெளிநாட்டு டாலர் எந்தப் பக்கம் போகிறதோ, எங்கள் பிளாக் பக்கம் வரவில்லை. வந்தால் முதலில் ஜெனரேட்டர் வாங்குவேன்.

திருப்போரூரான்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்பீக்கர்?

சின்னசபை_போதகர்:

அதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு.

உயர்நீதிமன்ற_வாசல்:

ஸ்பீக்கர் விஷயம் 2000லேயே உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்தது. மாதவரம் பக்கத்து ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் நடந்த வழக்குதான். பிறர் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பு. கோயில், மசூதி எல்லாவற்றுக்கும் இன்று அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இனி மதமாற்றச் சட்டம். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற பிறகு, கொண்டுவந்த அரசே விலக்கிக்கொண்டது. இன்று இங்கே அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அதற்காக எதையும் செய்யலாம் என்றும் இல்லை. 1977ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அப்படியே நிற்கிறது: 25ஆவது பிரிவு தருவது தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மாற்றும் உரிமை இல்லை.

ஆனால் தாம்பரம் நண்பரே, உங்கள் படிவத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த பயம் வேறு. அந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, 1956 முதல் சீக்கியர், 1990 முதல் பௌத்தர் ஆகியோருக்குத்தான் அந்தத் தகுதி. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலுக்குப் போய்விடுவார். பிள்ளையின் கல்லூரி இடம், உதவித்தொகை, அரசு வேலை எல்லாம் அந்தச் சான்றிதழில் தொங்குகிறது. சட்டமன்றம் 2023 ஏப்ரலில் ஆதி திராவிடக் கிறிஸ்தவர்களுக்கும் தகுதி தரச் சொல்லித் தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழை மறுத்தது. ஞானஸ்நானம் பெற்றது, தவறாமல் சர்ச்சுக்குப் போவது இரண்டையும் எடுத்துக்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. வெறுமனே ஜெபம் கேட்பவர் மதம் மாறியவர் இல்லை, அது தெளிவு. ஆனால் பெயர், பிளாக், கதவு எண், கைபேசி, பக்கத்தில் "ஜெப விண்ணப்பம்: ஆம்" என்று ஒரு தாள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால், நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பகையில் யாராவது அதைத் தாசில்தாருக்கு அனுப்பினால், நீங்களா போய் நிற்பீர்கள்? தரைத்தளம் அக்கா இங்கே புனைபெயரில் எழுதுகிறார். உங்கள் படிவத்தில் அவரால் அது முடியாது.

கிழக்குத்தாம்பரம்:

இந்தக் கோணத்தில் எங்கள் குழுவில் யாரும் பேசவே இல்லை. படிவத்தை கூகுள் ஷீட்டில் போடுவதாகத்தான் இருந்தது.

உயர்நீதிமன்ற_வாசல்:

அடக் கடவுளே.

இடையன்குடிக்காரர்:

வயதானவன், கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சண்டை இன்றைக்கு வந்தது இல்லை.

1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் உங்களுக்குத் தெரியும். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் அப்போதுதான் கூட்டங்கூட்டமாகச் சபையில் சேர்ந்தார்கள். மிஷனரி கால்டுவெல் 1841 முதல் இடையன்குடியில் இருந்தவர். பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877ல்தான் அவரும் இன்னொரு மிஷனரியான சார்ஜென்ட்டும் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று இங்கிலாந்திலேயே கேலி பேசினார்கள். கால்டுவெல் மழுப்பவில்லை. உயர்ந்த நோக்கத்தோடுதான் வருகிறார்கள் என்று நான் நம்பவில்லை, வந்த பிறகு படிப்பார்கள், அவர்கள் பிள்ளைகள் வேறு மாதிரி வளரும் என்ற பொருளில் எழுதினார். என் கொள்ளுத்தாத்தா அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர். அவர் என்ன நோக்கத்தோடு வந்தார் என்று எனக்குக் கவலை இல்லை. அவர் பேரன் வாத்தியார் ஆனார்.

திருப்போரூரான்:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். பட்டினி கிடந்தவருக்கு நோக்கம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று மார்க் போட்டது யார்? கொடுத்தவருடைய நோக்கத்துக்கு யார் மார்க் போட்டார்கள்?

இடையன்குடிக்காரர்:

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் காலத்துப் பாதிரிமார் எழுத்தில் அந்தத் தொனி இருக்கிறது, எனக்கும் வாசிக்கும்போது குத்தும். பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்பதும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நாங்கள் வாழ்கிறோம்.

ஈரோட்டுக்கண்ணாடி:

கட்சிக்காரர்களை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? 2015ல் யாரோ அனுப்பிய நிவாரணப் பொட்டலத்தில் முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்களே. ஜெப விண்ணப்பமாவது ஆம் / இல்லை என்று கேட்கிறது, ஸ்டிக்கர் கேட்கவே இல்லை.

மட்டுறுத்துநர்:

கட்சி அரசியல் இந்த இழையில் இத்தோடு போதும். நடுவில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த மதத்தையும் திட்டி எழுதினால் எச்சரிக்கை இல்லாமல் தடை.

நாகைக்கரை:

2005 முழுக்க நாகையில் சுனாமி நிவாரண வேலையில் இருந்தேன். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. அதனால் எல்லாச் சபைகளும் வந்தன. எல்லா மடங்களும் வந்தன.

அங்கே கற்றுக்கொண்டதில் மூன்று விஷயம் உங்களுக்கு உபயோகப்படும்.

பழைய துணி கொண்டுபோகாதீர்கள். நாகை ரோட்டோரம் மலை மலையாகக் கிடந்தது. கோட், சூட், கிழிந்த ஜீன்ஸ். குனிந்து பொறுக்க அந்த ஜனங்களுக்கு மானம் இடம்கொடுக்கவில்லை. மாடு மேய்ந்தது. நகராட்சிக்கு அதை அள்ளுவதே தனி வேலையாகிவிட்டது.

அப்புறம், ஊர்ப் பெரியவர் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மீனவர் பஞ்சாயத்து மூலமாகக் கொடுத்தோம். மீனவருக்கு ஒழுங்காகப் போனது, பஞ்சாயத்துக்கு வெளியே இருந்த தலித், இருளர் குடும்பங்கள் விட்டுப்போயின. தனியாக இருந்த பெண்களும் விட்டுப்போனார்கள். ஆகவே உங்கள் வீடு வீடான பட்டியல் யோசனை மிக நல்ல யோசனை, அதை விட்டுவிடாதீர்கள். பாஸ்டர் மூலமாகவே மொத்தமும் கொடுத்தாலும் இதே கதைதான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவருக்குத் தெரிந்த வீடு முதலில் வரும். பெரும்பாக்கம் போதகர் மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது, செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994ல் போட்ட நடத்தை நெறி. உதவியை எந்த அரசியல், மத நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. பெரிய கிறிஸ்தவ நிறுவனங்கள் பலவும் கையெழுத்துப் போட்டவைதான். மத நம்பிக்கையோடு உதவி செய்யக் கூடாது என்று அது சொல்லவில்லை. நாங்கள் நடைமுறையில் இப்படிப் பிரித்தோம்: நிவாரணம் கொடுக்கிற நாளில், கொடுக்கிற இடத்தில், கொடுக்கிற ஆள் ஜெபம் பண்ண மாட்டார், கைப்பிரதி கொடுக்க மாட்டார். யாராவது வந்து ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டால், வேறு ஒருவர், வேறு நாள். ஒன்றிரண்டு சபைகள் இதனாலேயே எங்களோடு வேலை செய்ய மாட்டோம் என்று போய்விட்டன. போகட்டும் என்று விட்டோம்.

சின்னசபை_போதகர்:

நாகை ஐயா சொல்வதில் முதல் இரண்டையும் ஏற்கிறேன். தெரிந்த வீடு முதலில் வரும் என்பது உண்மை. மூன்றாவதில் எனக்கு ஒரு சங்கடம். நான் அங்கேயே குடியிருக்கிறேன். என் கையில் கேன் தண்ணீர் இருக்கும்போது ஒரு அம்மா அழுதால், "ஜெபம் வெள்ளிக்கிழமை" என்று சொல்லவா? வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் சட்டம் சரி. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது பொருந்தாது.

நாகைக்கரை:

பொருந்தாது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் சொன்னேன். தரைத்தளம் அக்கா வீட்டில் இஸ்திரி போட்ட சிஸ்டர் நிவாரணப் பணியாளர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.

திருப்போரூரான்:

எனக்கு இதுவும் முழுதாக ஒப்பவில்லை. "வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்" என்று அக்காவே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

தரைத்தளம்:

அண்ணா, நான் எழுதியதை வைத்து எனக்காக நீங்கள் சண்டை போட வேண்டாம். குழு லோன்காரர் வந்தாலும் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது, சொன்னால் குழுவில் மற்ற ஒன்பது பேரும் வாசலில் வந்து நிற்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? சிஸ்டர் ஜெபம் பண்ணினதால் எனக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. அந்த ராத்திரி தூக்கம் வந்தது. ஞானஸ்நானம் எடு என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள், பெண் படிப்பு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குப் புரியும். உங்கள் யாருக்கும் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை.

எங்களை ஏமாந்தவர்கள் மாதிரி மட்டும் பேசாதீர்கள். யார் எதற்கு வருகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஃபோட்டோ எடுக்கிறவர் பொட்டலத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இருப்பார், கிளிக் சத்தம் கேட்ட பிறகுதான் விடுவார்.

ஈரோட்டுக்கண்ணாடி:

அக்கா, மழைநீர் வடிகாலுக்கு மனு கொடுத்தால் என்னையும் கூப்பிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போட எனக்குத் தெரியும். ஜெபத்துக்கு வர மாட்டேன்.

தரைத்தளம்:

வந்தால் டீ உண்டு. ஜெபம் முடிந்த பிறகு வாருங்கள்.

கிழக்குத்தாம்பரம்:

நேற்று குழுவில் உட்கார்ந்து பேசினோம். உயர்நீதிமன்ற_வாசல் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். பிறகு அதிக வாதம் இல்லை. முடிவு இது:

படிவத்தில் ஜெப விண்ணப்பமும் இல்லை, "சந்திக்கலாமா"வும் இல்லை. சபைப் பெயர் மட்டும் கீழே சின்னதாக இருக்கும், யார் எடுத்த பட்டியல் என்று மக்களுக்குத் தெரிய வேண்டுமே. கூகுள் ஷீட் கிடையாது. பிளாக்குக்கு ஒரு நோட்டு, பிளாக்கிலேயே ஒருவர் வீட்டில் இருக்கும், எங்களிடம் எண்ணிக்கையும் மருந்து விவரமும் மட்டும். மார்கழி முடிந்ததும் நோட்டைக் கிழித்துவிடுவது.

இரண்டு பேர் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். சுவிசேஷத்தைச் சொல்ல வெட்கப்படுகிறோம் என்று வருத்தம். அவர்களில் ஒருவர் என் நெருங்கிய நண்பர், இன்னும் பேசவில்லை.

நோட்டு யார் வீட்டில் இருப்பது என்பதுதான் இப்போது கேள்வி. போதகர் வீடு வேண்டாம் என்று நாகைக்கரை ஐயா சொன்னதை எடுத்துக்கொண்டோம்.

சின்னசபை_போதகர்:

என் வீட்டில் வேண்டாம். அங்கன்வாடி டீச்சர் வீடு நல்லது. எல்லாப் பிள்ளைகள் பெயரும் அவர்களுக்குத் தெரியும், எல்லாரும் அவர்கள் பேச்சைக் கேட்பார்கள். மேல்மாடிக்குக் கேன் தூக்க எங்கள் சபைப் பையன்கள் எட்டுப் பேர் வருவார்கள், அவர்களைச் சபைப் பையன்கள் என்று எங்கும் எழுத வேண்டாம்.

திருப்போரூரான்:

கயிறு, கப்பி என்னிடம் இருக்கிறது, கட்டிட வேலைக்கு வைத்திருப்பது. எட்டாவது மாடிக்குப் படி ஏறித் தூக்கினால் ரெண்டு நாளில் பையன்கள் படுத்துவிடுவார்கள். மொட்டை மாடியில் கட்டி இழுக்கலாம். மாடிக் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

தரைத்தளம்:

செம்மஞ்சேரிக்கு வருகிறவர்கள் கவனிக்க: பெரிய பிளாஸ்டிக் ஜிப் கவர் கொண்டுவாருங்கள், வீட்டுக்கு ஒன்று, சான்றிதழ் போட. பிளீச்சிங் பவுடர், தார்ப்பாய், பெண்களுக்கு நாப்கின். பிரெட் வேண்டாம், பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். பகலில் வந்தால் பாதி வீடு பூட்டியிருக்கும், எல்லாரும் வேலைக்குப் போய்விடுவோம். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள். தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் மட்டும் பட்டியல் எடுக்க வந்து நிற்காதீர்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.